உள்ளே இருப்பவர்கள் எல்லாம் குற்றவாளிகளா?

கொரோனா காலத்துப் பேச்சு வந்தால் போதும், மும்பையில் நம்மவர்கள் கூடுகிற இடங்களில் இன்றைக்கும் ஒரு அங்கலாய்ப்பு காதில் விழும். "நாமெல்லாம் வீட்டுக்குள்ளே அடைஞ்சு கிடந்தோம். அப்பப் பார்த்து ஜெயிலைத் திறந்து திருடனை எல்லாம் வெளியே விட்டானுங்க சார்!" படித்து, நல்ல வேலையில் இருப்பவர்களே இப்படிப் பேசுவதுதான் வயிற்றெரிச்சல். நான் வங்கிக்காரன். கணக்கைப் பார்ப்போமா?

தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கில், 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மாநிலங்கள் உயர்மட்டக் குழு அமைத்து, யாரைப் பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடலாம் என்று முடிவு செய்ய வேண்டும். உதாரணமாகச் சொன்னது, ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்குகளை. ஏன் இந்த உத்தரவு? நம்ம ஊர் ஆர்தர் ரோடு சிறையையே பாருங்கள். 804 பேருக்கான இடத்தில் 2,500 பேருக்கு மேல். ஆறடி இடைவெளி விடச் சொன்ன காலத்தில் அங்கே காலை நீட்டிப் படுக்க இடமில்லை. 2020 மே மாதம் அங்கே 77 கைதிகளுக்கும் 26 ஊழியர்களுக்கும் தொற்று உறுதியானது. சில நாட்களில் கைதிகள் கணக்கு நூறைத் தாண்டியது.

சரி, கதவைத் திறந்தார்களே, கூட்டம் குறைந்ததா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2019 கடைசியில் நாடு முழுக்க 4,78,600 கைதிகள். 2020 கடைசியில் 4,88,511! தண்டனைக் கைதிகள் சுமார் 31,500 பேர் குறைந்தார்கள். விசாரணைக் கைதிகள் 41,361 பேர் கூடினார்கள். கைது நிற்கவில்லை, கோர்ட் விசாரணைதான் முடங்கியது. இரண்டாம் அலை அடித்த 2021 முடிவில் 5,54,034. நூறு பேர் இடத்தில் 130 பேர். அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள்.

இவர்கள் யார்? 2019 கணக்கில் விசாரணைக் கைதிகளில் 21 சதவீதம் தலித்துகள், 10.5 சதவீதம் பழங்குடியினர், 18.7 சதவீதம் முஸ்லிம்கள். 2011 மக்கள்தொகையில் இவர்கள் பங்கு முறையே 16.6, 8.6, 14.2. கைதிகளில் சுமார் மூன்றில் இரண்டு பேர் பத்தாம் வகுப்பைத் தொடாதவர்கள். குற்றம் செய்வது இவர்கள் மட்டும்தானா? இல்லை. ஜாமீன் உத்தரவு வந்தாலும் ஜாமீன்தாரரும் சொத்துப் பத்திரமும் கொண்டுவர முடியாதவர்கள் இவர்களில் ஏராளம். ஈடு இல்லாமல் கடன் கொடுக்க எங்களுக்கே கை வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பணம். மனுஷனின் சுதந்திரத்துக்கும் அதே ஃபாரமா?

'நமக்கென்ன' என்கிறீர்களா? 1978ல் மோதிராம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். கீழ்க்கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் என்று தள்ளிவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் அது தவறு என்று தீர்ப்பெழுதியபோது, சாந்தினி சௌக்கிலோ பஸ்தரிலோ ஒரு தமிழன் பிடிபட்டால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்ற பொருளில் கேட்டார். அந்தத் தமிழன் நாம்தான். தாராவியில், கட்டட வேலையில், இட்லிக் கடையில் இருக்கும் நம் பையன்கள்தான். சொத்து ஊரில், கைது இங்கே!

ஸ்டேன் சுவாமியும் நம் திருச்சி மாவட்டத்துக்காரர்தான். பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டுக் கோர்ட்டுக்குப் போன பெரியவர். அவர் அரசியல் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். கொரோனாவையும் உடல்நிலையையும் சொல்லிக் கேட்ட இடைக்கால ஜாமீன் 2020 அக்டோபரில் மறுக்கப்பட்டது. தலோஜா சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு தொற்று உறுதியானது. 2021 ஜூலை 5, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே போய்ச் சேர்ந்தார். தூக்குத் தண்டனை கொடுக்காத நாட்டில் இது என்ன தண்டனை என்று கேட்க முடியாது. நம் நாட்டில் தூக்கும் உண்டு. ஆனால் அதற்குக்கூட முதலில் தீர்ப்பு வேண்டும் ஐயா!

2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 479வது பிரிவு, முதல்முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீன் என்கிறது (மரண, ஆயுள் தண்டனை வழக்குகள் நீங்கலாக). நல்லது. ஆனால் அதிலும் பிணைப்பத்திரம் உண்டு. சின்ன வழக்குகளில் சொந்தப் பிணையிலேயே விடட்டும். அடுத்த தொற்று வருவதற்கு முன் அதைச் செய்யட்டும். வந்த பிறகு குழு போட்டு என்ன பிரயோசனம்?