பணிந்து கேட்பதல்ல, அடித்துச் சொல்வது

நம் மனுக்கள் எல்லாம் "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் முடிகின்றன. நம் நிலத்தையே கேட்டாலும் அப்படித்தான்.

ஒருவர் உறுதியாகப் பேசினால் "அடிச்சுச் சொல்றாரு" என்று ஊரில் மெச்சுகிறார்கள். அதையே சேரியிலிருந்து சொன்னால் "திமிரு" என்கிறார்கள். சொல் ஒன்றுதான். சொல்லும் வாய் யாருடையது என்று பார்த்துப் பெயர் வைக்கிறது சாதி.

சட்டத்தில் அடித்துச் சொல்வதற்கு வேறு பொருள். உரிமைக்கு அடிப்படையாக ஒன்றை யார் உறுதியாகச் சொல்கிறாரோ, அவரே அதை நிரூபிக்க வேண்டும் என்றது 1872 சாட்சியச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. 2023இல் வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. சரி, நிரூபிப்போம்.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டப் பறையர்களின் நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. அதன்படி தரப்பட்ட பஞ்சமி நிலத்தை முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்க முடியாது. அதன்பிறகும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம். மீறி வாங்கியவரிடமிருந்து அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். இது நாம் கட்டிய கதையல்ல, அரசின் ஆணை. எந்தச் சர்வே எண் பஞ்சமி என்று காட்டும் பதிவேடுகளும் அரசிடமே இருக்கின்றன. பூட்டிய பீரோவின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆதாரம் எங்கே?" என்று நம்மைக் கேட்பது என்ன நியாயம்?

மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள காரணை மக்கள் அந்தக் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. 1994இல் பஞ்சமி நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டு நியாயம் கேட்டவர்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அரசு தன் ஆணையையே மதிக்கச் சொன்னதற்குக் கிடைத்த பதில் அது.

இன்று அந்தக் கடற்கரைச் சாலை நெடுக மனைவிலை ஏறிக்கொண்டே போகிறது. விலை ஏற ஏற, நம் பேச்சு இன்னும் பெரிய திமிராகத் தெரியும். தெரியட்டும்.

தோழர்களே, குரல் உயர்த்துவது மட்டும் உரிமை சொல்வதாகாது. உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சர்வே எண்களை எழுதி எடுங்கள். நிலத்துக்கு நேரில் போய் நில்லுங்கள். பிறகு மனு எழுதுங்கள். கடைசி வரியில் பணிவு வேண்டாம்: "இது எங்கள் நிலம். ஒப்படையுங்கள்."