திரை போனாலும் அரங்கு நிற்கலாம்

'திரையரங்கு' என்னும் சொல்லில் இரண்டு உறுப்புகள் உள்ளன. அவற்றுள் அரங்கு மூத்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்கின் நீள அகல உயரங்களையே அளந்து சொல்கிறது. திரைப்படத்தைச் சுட்டும் 'திரை' இருபதாம் நூற்றாண்டில் வந்து அதனோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் பழைய திரையரங்கொன்று மூடப்படும்போதெல்லாம் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. படம் ஓடாவிட்டால் கட்டடத்துக்கு இனி வேலையில்லை என்ற முடிவு எளிதில் எட்டப்படுகிறது. அம்முடிவு தவறு என்பதற்குச் சான்றாக நிற்பது நியூயார்க் நகரின் புரூக்ளினில் உள்ள கிங்ஸ் தியேட்டர்.

அது அமைந்துள்ள ஃபிளாட்புஷ், 1894 வரை தனி ஊராக இருந்து பின்னர் புரூக்ளினோடு இணைந்த புறநகர்ப் பகுதி. லோயஸ் நிறுவனம் நியூயார்க் வட்டாரத்தில் எழுப்பிய ஐந்து மாபெரும் அரங்குகளுள் ஒன்றாக, 3,600க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் 1929 செப்டம்பர் 7 அன்று அது திறக்கப்பட்டது. தொடக்கத்தில் படத்தோடு மேடைக் கலைநிகழ்ச்சியும் அங்கு நடந்தது. சில ஆண்டுகளில் மேடை ஓய்ந்து படம் மட்டுமே எஞ்சியது. 1977இல் அதுவும் நின்றது. வரிபாக்கியின் பேரில் 1983இல் நகர அரசு கட்டடத்தைக் கைப்பற்றியது. கூரை ஒழுகி, சுதை வேலைப்பாடுகள் உதிர்ந்து, மொத்தம் 37 ஆண்டுகளுக்கும் மேல் பூட்டிக் கிடந்த அரங்கு, ஏறத்தாழ 9.5 கோடி டாலர் செலவில் சீரமைக்கப்பட்டு 2015 பிப்ரவரியில் நேரடி நிகழ்த்துகலை அரங்காக மீண்டும் திறந்தது. மேடை போதாது என்று அதன் பின்சுவரை இடித்து ஆழப்படுத்தினர். மரபைக் காப்பதற்காகவே மரபுக் கட்டடத்தின் ஒரு பகுதி மாற்றப்பட்டது.

இதனோடு தில்லியின் சாணக்கியா திரையரங்கை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. 1970இல் திறக்கப்பட்ட அது, புது தில்லி நகராட்சி மன்றத்துக்குச் சொந்தமானது. கட்டடக் கலைஞர்களின் எதிர்ப்பையும் மீறி 2008இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 2017இல் வணிக வளாகம் திறந்தது. அதற்குள் சிறு திரைகளில் படமும் ஓடுகிறது. தில்லியில் திரை எஞ்சியது, அரங்கு அழிந்தது. ஃபிளாட்புஷில் திரை போயிற்று, அரங்கு நின்றது. இரு கட்டடங்களும் பொது உடைமையே. ஆகவே உடைமை மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிவிடாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் கூடுவதற்கான இடம் என்பதே அதன் மதிப்பு என்று உடைமையாளர் உணர்ந்தாரா என்பதுதான் வேறுபாடு. லோயஸின் ஐந்து அரங்குகளும் இன்றளவும் நிற்பதற்கு இதுவே காரணம் எனலாம். அவற்றுள் இரண்டு வழிபாட்டுக் கூடங்களாகிப் பிழைத்தன.

இதற்கொரு வலுவான மறுப்பும் உண்டு. படம் ஓடிய காலத்தில் உழைக்கும் குடும்பம் வாரந்தோறும் சென்றுவர முடிந்தது. புகழ்பெற்ற பாடகரின் நிகழ்ச்சிக்கான நுழைவுச்சீட்டு அத்தகையதன்று. கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோர் மிகுந்து வாழும் அப்பகுதியில், மீட்கப்பட்ட அரங்கு யாருக்காக மீட்கப்பட்டது என்று கேட்பது நியாயமே. பொதுப்பணம் பெருமளவில் செலவிடப்பட்டதால் அக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. ஆனால் நிற்கும் அரங்கைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்க முடியும். கட்டணத்தை நாளை குறைக்கலாம், உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் நாடகக் குழுக்களுக்கும் நாள்களை ஒதுக்கச் சொல்லிப் போராடலாம். இடிக்கப்பட்ட கூடத்திடம் எதையும் கோர இயலாது.

இந்திய நகரங்களில் ஒற்றைத் திரையரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் இந்நாளில், அவற்றுக்காக எழும் குரல் பெரும்பாலும் பழைய படங்களின் நினைவோடு நின்றுவிடுகிறது. நினைவைக் கொண்டு நிலத்தின் விலையோடு போட்டியிட முடியாது. மேடைக்கு ஆழம் உண்டா, ஒப்பனை அறைக்கு இடம் உண்டா, நாடகக் குழு தாங்கக்கூடிய வாடகைக்கு நகராட்சி பொறுப்பேற்குமா என்பனவே இடிப்பு ஆணைக்கு முன்பு கேட்கப்பட வேண்டியவை. கிங்ஸ் தியேட்டரில் அவை கேட்கப்பட 30 ஆண்டுகளுக்கு மேலாயின. அவ்வளவு காலம் காத்திருக்கும் பேறு இங்குள்ள கட்டடங்களுக்கு வாய்ப்பதில்லை.