தேதியும் ஒரு தீண்டாமைதான்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மூட்டை இறக்கியவர் எங்க சித்தப்பா. "சோறு தொண்டையில நிக்குதுடா" என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எண்டோஸ்கோப்பி எழுதினார்கள். சீட்டில் தேதி போட்டார்கள். 7 வாரம் கழித்து.

அன்றைக்கு ராத்திரியிலிருந்தே பட்டினி. மத்தியானம் ஒரு மணிக்கு, "மெஷின் ரிப்பேர், வேற தேதி வாங்கிக்குங்க" என்றார்கள். எங்களுக்குப் பிறகு வந்து, யாரோ போனில் சொன்னதால் முன்னாடியே உள்ளே போனவருக்கு மெஷின் நன்றாகத்தான் ஓடியது.

வரிசை எல்லாருக்கும் பொது என்கிறார்கள். பொய். காசுள்ளவன் அன்றைக்கே தனியாரில் பார்த்துக்கொள்கிறான். மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு நாள் லீவு. கூலிக்காரனுக்கு, துணைக்கு வருகிறவனையும் சேர்த்து, இரண்டு கூலி போச்சு. மிச்சமிருப்பது சிபாரிசு. சேரியில் அது யாருகிட்ட இருக்கு?

குழாய் குறைவு, ஒவ்வொருவருக்குப் பிறகும் கழுவிக் கிருமி நீக்கணும், ஆள் போதாது என்பார்கள். உண்மைதான். டாக்டரையோ சிஸ்டரையோ நான் திட்டவில்லை. எத்தனை குழாய், எத்தனை பணியிடம் என்று தீர்மானிக்கிறவன் அந்த வரிசையில் நின்றதில்லை என்கிறேன். விழுங்க முடியாமை, எடை குறைவு, ரத்த வாந்தி, கறுப்பு மலம் எல்லாம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் என்று மருத்துவப் பாடமே சொல்கிறது. விழுங்க முடியாதவருக்கு 2 வாரத்துக்குள் பார்க்கணும் என்று இங்கிலாந்தில் 2015இல் வெளிவந்த வழிகாட்டி கெடு வைத்தது.

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயக் கூலியை அரசு ஆஸ்பத்திரிகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பின. அந்த வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை மீறுவது, நிதியில்லை என்பது சாக்காகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வார்டில் வாந்தியைத் துடைக்க நம்மாளைக் கூப்பிடும்போது தேதி கிடையாது, உடனே வரணும். அவன் வயிற்றைப் பார்க்கத்தான் தேதி.

காத்திருப்போர் பட்டியலைச் சுவரில் ஒட்டு. சிபாரிசுப்படி அல்ல, அறிகுறிப்படி அடுக்கு. ரத்தான தேதிக்கு அடுத்த நாளே இடம் கொடு. இது கருணை மனு இல்லை.

கடைசியில் பார்த்தார்கள். புற்று முற்றியிருந்தது. "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். சித்தப்பா ஒண்ணும் பேசவில்லை. மடியிலிருந்த பழைய சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.