ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் தெளிவாக வரட்டும்



கல்யாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என எந்த வைபவமானாலும், எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்காமல் நாம் கலைந்து போவதில்லை. அந்தப் படத்தைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தால், நடுவில் நிற்பவர்களின் கண்ணிமை கூடத் தெரிகிறது. இரு கரைகளிலும் நிற்பவர்களின் முகமோ கலங்கிக் கிடக்கிறது. "விலை கூடிய ஃபுல் ஃபிரேம் கமரா வாங்கியும் ஏன் இப்படி?" என்று ரண்டர்ஸ் வாசகர்கள் சிலர் கேட்கிறார்கள். இம்முறை அதைப் பார்ப்போம்.

லென்ஸ் ஒளியை வட்டமாகவே விழுத்துகிறது. அந்த வட்டத்தின் நடுப்பகுதியில் உருவம் மிகக் கூர்மையாக இருக்கும். விளிம்பை நோக்கிப் போகப்போகக் கூர்மை குறையும், வெளிச்சமும் மங்கும். சாதாரண கமராக்கள் பலவற்றில் சென்சரின் அளவு ஏறக்குறைய 24க்கு 16 மில்லிமீற்றர். அது வட்டத்தின் நல்ல நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஃபுல் ஃபிரேம் சென்சரோ 36க்கு 24 மில்லிமீற்றர், அதாவது பரப்பில் இரண்டேகால் மடங்கு. அது வட்டத்தின் கரை வரை போய்த் தொடுகிறது. ஆகவே பெரிய சென்சர் லென்ஸின் பலவீனத்தை மறைப்பதில்லை, வெளியே கொண்டுவருகிறது.

இந்த 36க்கு 24 என்ற அளவு புதியதல்ல. யேர்மனியில் 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா பிலிம் கமராவின் அளவு அது. 2002இல் கனொன் நிறுவனம் அதே அளவு சென்சருடன் டிஜிற்றல் கமரா வெளியிட்டது. பழைய பிலிம் லென்ஸ்களை இத்தகைய கமராக்களில் பூட்டியபோதுதான் ஓரங்களின் குறை பலருக்குத் தெரிய வந்தது. பிலிம் சரிவாக வரும் ஒளியையும் ஏற்றுக்கொள்ளும். சென்சரின் புள்ளிகளோ சிறு கிணறுகள் போன்றவை. சரிவாக வரும் ஒளி அடிவரை இறங்காது. லைக்கா நிறுவனமே 2006இல் வந்த தனது எம்8 கமராவுக்குச் சற்றுச் சிறிய சென்சரையே வைத்தது. முழு அளவுச் சென்சர் 2009இல் எம்9 கமராவில்தான் வந்தது.

ஓரம் கலங்குவது எப்போதும் குற்றமல்ல. வியன்னாவில் 1840இல் யோசெப் பெட்ஸ்வால் வடிவமைத்த லென்ஸ் நடுவில் கூர்மையும் கரையில் கலக்கமும் தருவது. தனியாள் படத்துக்கு அது அழகு என்று இன்றும் விரும்புகிறார்கள். குழுப்படத்துக்கு அது பொருந்தாது. அங்கே ஓரத்திலும் மனிதர்கள் நிற்கிறார்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியவை எவை?

முதலாவது, ஒளித்துவாரம். இங்கே மார்கழியில் பின்னேரம் 4 மணிக்கு முன்பே இருண்டுவிடுகிறது. மண்டபத்து வெளிச்சம் போதாதென்று எஃப் 1.8, 2.8 எனத் துவாரத்தை முழுதாகத் திறந்தால் ஓரம் கட்டாயம் பாதிக்கப்படும். எஃப் 5.6 அல்லது 8க்கு ஒடுக்குங்கள். குறையும் வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓவை 1600, 3200 வரை ஏற்றலாம். பெரிய சென்சர் அதைத் தாங்கும். ஆனால் எஃப் 16, 22 என்று மேலும் ஒடுக்கினால் படம் முழுவதுமே மெதுவாக மங்கத் தொடங்கும்.

இரண்டாவது, தூரம். அகன்ற கோணத்தில் கிட்ட நின்று எடுக்காதீர்கள். ஓரத்து முகங்கள் இழுபட்டுப் பருத்துத் தெரியும். பின்னுக்குப் போய் 35 அல்லது 50 மில்லிமீற்றரில் எடுங்கள். இரு பக்கமும் சிறிது வெற்றிடம் விட்டு, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, லென்ஸைச் சோதித்தல். சுவரில் பத்திரிகைத் தாள்களைத் தட்டையாக ஒட்டி, கமராவை முக்காலியில் நேராக வைத்து, வெவ்வேறு துவாரங்களில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரேயளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கமரா நேராக நின்றதா என்று பார்த்துத் திரும்பவும் எடுங்கள். அப்போதும் அதே பக்கம் மங்கினால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கக்கூடும். டென்மார்க் சட்டப்படி கடையில் வாங்கிய பொருளின் குறைபாட்டுக்கு 2 வருடம் வரை முறையிடலாம். இணையத்தில் வாங்கியதைப் பொதுவாக 14 நாட்களுக்குள் வேண்டாமென்று அறிவிக்கலாம். பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

டென்மார்க்கிலேயே உருவான கப்ச்சர் வன் போன்ற மென்பொருட்கள் ஓரத்து இருட்டையும் கூர்மைக் குறைவையும் ஓரளவு திருத்தும். ஆனால் படத்தில் பதியாத முகத்தை எந்த மென்பொருளும் உண்மையாகக் கொண்டுவராது.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக வெளியேறிய எத்தனையோ வீடுகளில் படங்களும் பின்னால் நின்றுவிட்டன. சில குடும்பங்களுக்கு இறந்துபோன ஒருவரின் முகம், யாரோ உறவினர் வைத்திருந்த கல்யாணப் படமொன்றின் ஓரத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இன்று நாம் எடுக்கும் படமும் நாளைக்கு யாருக்கோ அப்படி ஆகலாம். ஆகவே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். படம் எடுக்குமுன் ஒதுங்கி நிற்கும் அம்மம்மாவையும் பெரியப்பாவையும் கையைப் பிடித்து நடுவுக்குக் கூட்டி வாருங்கள். இளம் பிள்ளைகள் கரையில் நிற்கட்டும். அவர்களை இன்னும் எத்தனையோ படங்களில் எடுக்கலாம்.