இரைச்சல் என்போருக்கு

தமிழ் மன்றத்து இதழிலே டிஸ்கோவுக்கும் ஹவுஸுக்கும் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கின்றனர். பண் இருக்க, பறை இருக்க, மின்பொறி எழுப்பும் இரைச்சலுக்கு ஏடு ஏன், எழுத்து ஏன் என்பது அவர்கள் வாதம். பறையையும் சேர்த்துச் சொன்னார்களே, அதுவரை மகிழ்ச்சி! ஆனால் அந்தப் பறையையே இரைச்சல் என்று ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தவர்கள் யார்? அடித்தவனை வெறுத்தார்கள்; ஆகவே அடியையும் வெறுத்தார்கள். அது காது சொன்ன தீர்ப்பன்று.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் திடலிலே, வானொலிக்காரர் ஒருவரின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரவர் திரள, டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தனர். டிஸ்கோவோ, கறுப்பினத்தாரும் தற்பால் விருப்பினரும் தங்கள் ஆடற்கூடங்களிலே வளர்த்த இசை. வெடித்தது தட்டு, வெறுப்பு யார்மேல் என்று சொல்லவும் வேண்டுமோ? அதே நகரில், வேர்ஹவுஸ் என்னும் கூடத்தில் 1977 முதல் இசைத்தட்டுகளை இயக்கி வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பின இளைஞர், வெடிச் சத்தம் கேட்டுத் தம் வேலையை நிறுத்தவில்லை. அக்கூடத்துப் பெயரின் வால்தான் இன்று ஹவுஸ் என உலகெங்கும் வழங்குகிறது.

இன்னொன்று. இரைச்சல் என்போரில் பாதிப் பேர் இந்த இசையைக் கேட்டதே இல்லை என்பேன். வியக்க வேண்டாம், அறிவியல் மாணவன் கணக்கோடுதான் பேசுகிறேன். இவ்விசையின் உயிர் அடிநாதத்தில் இருக்கிறது. நொடிக்கு 50 அதிர்வு கொண்ட ஒலியின் அலைநீளம் காற்றிலே ஏறத்தாழ 7 மீட்டர். நம் கடலிலே 30 மீட்டர். அத்தனை பெரிய அலையை, அலைபேசிக்குள் இருக்கும் நகத்தளவுத் தகடு எப்படித் தள்ளும்? தள்ளாது. மேலே கிடக்கும் சலசலப்பு மட்டுமே வெளியே வரும். உறுமியின் இடந்தலையைக் கழற்றி எறிந்துவிட்டு உறுமி நன்றாயில்லை என்று சொல்வது போன்றதுதான் இது. விடுதியில் தேநீர் குடித்துக்கொண்டே அலைபேசியில் அரை நிமிடம் கேட்டுத் தீர்ப்புக் கூறுகிறோம்!

கேளாமையின் விலை சிறிதன்று. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-இல் டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்களைப் பதிவு செய்தார். நாம் மோகனம் என்றும் இந்தோளம் என்றும் அறிந்தவை, பூபாலி, மால்கௌன்ஸ் என்ற வடக்கத்திப் பெயர்களில் அத்தட்டிலே உள்ளன. அவர் கையாண்டவை ரோலண்டு நிறுவனத்தின் தாளப்பொறியும், அடிநாதம் எழுப்பும் டிபி 303 என்ற சிறு பெட்டியும். அதே சிறு பெட்டியை வைத்துச் சிகாகோ இளைஞர்கள் செய்த ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987-இல் வந்து, புதிய இசை வகைக்கே தொடக்கமெனப் புகழப்பட்டது. நம்மவர் தட்டோ தூசி படிந்து கிடந்தது. 2010-இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் கண்டெடுத்து மீண்டும் வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. தட்டு வந்த நாளில் அதைக் கேட்டு நான்கு வரி எழுத இந்த நாட்டில் எத்தனை பேர் இருந்தனர்?

நமக்கு இன்று அந்தச் சாக்கும் இல்லை. செயற்கைக்கோளை நம்பிக் கிடந்த இத்தீவுகளுக்கு, 2020 ஆகஸ்ட் 10 முதல், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி வந்துவிட்டது. அதற்கு முன் பாட்டுகள் பென்டிரைவில் கப்பலேறி வருமாம், மூத்தோர் சொல்வர். இப்போது பெர்லினில் வெளியாவது அன்றிரவே மரைன் ஹில்லில் கேட்கிறது. கேட்டு என்ன செய்கிறோம்? இன்னொருவருக்கு அனுப்பிவிட்டு உறங்குகிறோம்.

2021-இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் நினைவோடு வரிகளை எழுதித் தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. பிரெஞ்சுக்காரரான டிஜே ஸ்நேக் அதை ஆட்டத்துக்கேற்ப மறு ஆக்கம் செய்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியப் பதிப்பின் அட்டையிலே தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா. இரஞ்சித் போன்றோர் குரல் எழுப்பிய பிறகுதான் அறிவுக்கும் ஓர் அட்டை கிடைத்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டோரில் ஒரு பகுதியினர் ரப்பர்த் தோட்ட வேலைக்கு வந்திறங்கியது எங்கே? நம் கச்சால் தீவிலே! அப்பாட்டின் பொருளை நம் வளாகத்தைவிட நெருக்கமாக அறிந்த இடம் ஏது? ஆயினும் நம் இதழில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

புதியதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. பழைய பாட்டைப் பிய்த்துப் போட்டு, கீழே ஒரு தடதடப்பைச் சேர்த்து, ரீமிக்ஸ் என்று விற்போர் மலிந்துவிட்டனர். நல்லதையும் சொத்தையையும் பிரிக்கத்தான் எழுத்து வேண்டும் என்கிறேன்.

ஆகவே ஆசிரியர் குழுவுக்கு என் விண்ணப்பம்: இதழுக்கு இரண்டு பக்கம் புதிய வெளியீடுகளுக்கு ஒதுக்குங்கள். பாடியவர் மட்டுமன்றி, எழுதியவர், தாளம் அமைத்தவர், தோல் அடித்தவர் ஆகிய எல்லார் பெயரும் அதில் வரவேண்டும். எழுத முன்வருவோர் அலைபேசித் தகட்டில் கேட்டு எழுத வேண்டாம். நல்ல ஹெட்போன் ஒன்று என் அறையில் இருக்கிறது. மேடேறி வரச் சற்றே மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.