படகேறுமுன் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய அட்மிரல் டி.கே. ஜோஷி அவர்களுக்கு,
துணைநிலை ஆளுநர், அந்தமான் நிகோபார் தீவுகள்.



செம்பூரிலிருந்து எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மேற்குக் கடற்படைப் பிரிவின் தலைவராக மும்பையில் இருந்தவர் நீங்கள். எனவே செம்பூர் எங்கே இருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. செட்டா நகர் முருகன் கோயிலைச் சுற்றியும், ஃபைன் ஆர்ட்ஸ் சபாவுக்கு அக்கம்பக்கத் தெருக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையம், ரயில்வே, வருமான வரி என்று மத்திய அரசு வேலையில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இங்கே நிறைய. விடுப்புப் பயணச் சலுகையான எல்.டி.சி.யில் அந்தமானுக்கு விமானத்திலேயே போகலாம் என்ற சலுகை வந்த பிறகு எங்கள் காலனிகளில் விடுமுறைப் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் திருப்பதி, மதுரை, ராமேஸ்வரம் என்று போனவர்கள் இப்போது சென்னையில் விமானம் மாறி உங்கள் தீவுகளில் வந்து இறங்குகிறார்கள். அப்படிப் போகிற குழுக்களுக்கு டிக்கெட், ஓட்டல், படகு எல்லாம் ஏற்பாடு செய்து கூடவே போய்வருகிறவள் நான்.

ஒவ்வொரு முறை புறப்படும்போதும் என் மனதில் ஒரு தேதி வந்து நிற்கும்: 26 ஜனவரி 2014. குடியரசு நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றைய போர்ட் பிளேராகிய இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தின் எதிரே ராஸ் தீவுக்கும் நார்த் பே கடற்கரைக்கும் நடுவில் ‘அக்வா மரைன்’ என்ற சுற்றுலாப் படகு மூழ்கியது. 25 பேர் ஏற வேண்டிய படகில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாக வந்தவர்கள். மும்பையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். காஞ்சிபுரமும் மும்பையும் ஒரே படகில் இருந்தன என்ற செய்தியை அன்றிரவு செம்பூரில் நாங்கள் எப்படிக் கேட்டிருப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களில் பாதிப் பேருக்கு ஊர் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம்.

அதே நார்த் பேதான் பவளப்பாறை பார்க்கப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போகும் இடம். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களோடு தெரியும் கரை அதுதான்.

அந்த விபத்து நடந்து சரியாக ஒரு மாதம் கழித்து, 2014 பிப்ரவரி 26 அன்று, ஐ.என்.எஸ். சிந்துரத்னா நீர்மூழ்கியில் தீப்பிடித்தது. இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அன்றே நீங்கள் கடற்படைத் தளபதி பதவியிலிருந்து விலகினீர்கள். தம் பொறுப்பில் நடந்த விபத்துகளுக்குத் தார்மீகப் பொறுப்பேற்று உச்சப் பதவியை ஒருவர் விட்டுச் செல்வதை இந்த நாட்டில் நாங்கள் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறோம். 2017-ல் நீங்கள் இந்தத் தீவுகளின் துணைநிலை ஆளுநர் ஆனபோது எனக்கு உண்மையாகவே நிம்மதி ஏற்பட்டது. அந்த நம்பிக்கையில்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் தீவுகளில், நீரில் முகம் கவிழ்ந்து மிதந்தபடி பவளம் பார்க்கும் ஸ்நார்க்கெலிங்குக்கான படகுப் பயணம் பெரும்பாலும் பேக்கேஜுக்குள் இலவசமாக வருகிறது. ஜெட்டியில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் படகில் ஏற்றுகிறார்கள். கரை சேர்ந்ததும் கண்ணாடி முகமூடியும் ரப்பர் குழாயும் கைக்கு வருகின்றன. “வாயால் மூச்சு விடுங்க, தலையைக் குனிங்க” என்று இந்தியில் இரண்டு வாக்கியம். அவ்வளவுதான், கைடு ஒரு காற்று வளையத்தைப் பிடிக்கச் சொல்லி ஆழத்துக்கு இழுத்துப்போகிறார். சில நிமிடத்தில் கூட்டிவந்து அடுத்தவரை இழுத்துப்போகிறார். இன்னும் தூரம் போய்ப் பார்க்கவும், வீடியோ எடுக்கவும் தனிக் கட்டணம். இலவசத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாரோ அவ்வளவு அவருக்கு வருமானம். அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. காலையிலிருந்து மாலைவரை உப்புத் தண்ணீரில் நின்று உழைக்கிறவர்கள் அவர்கள். அவசரப்பட்டால்தான் அவர்களுக்குக் காசு என்று இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறதே, அதுதான் என் கவலை.

எங்கள் குழுவில் வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அறுபதைக் கடந்த மாமிகள், மாமாக்கள். பலருக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, சிலருக்கு இதயத்தில் ஸ்டென்ட் உண்டு. மும்பையில் கடலை ஒட்டியே வாழ்ந்தும் தண்ணீரில் கால் வைக்காதவர்கள். எங்கள் பக்கத்துக் கடல் மாஹுல் கழிமுகமும் டிராம்பே சதுப்பும். அங்கே ஃபிளமிங்கோ பார்க்கப் போவோம், நீந்தப் போவதில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு மூக்கை அடைத்துவிட்டு வாயால் மட்டும் மூச்சு விடு என்றால் உடம்பு அதை உடனே ஒத்துக்கொள்ளாது. மூச்சு வேகமாகும். குழாய் வழியே இழுப்பதற்கே சாதாரணத்தைவிடக் கூடுதல் விசை வேண்டும். ஒரு சிறு அலை குழாய்க்குள் தண்ணீரை ஊற்றும். அதை ஊதி வெளியே தள்ளத் தெரியாவிட்டால் ஒரு வாய் உப்புத் தண்ணீர் போதும், பயம் வந்துவிடும்.

ஹவாயில் ஸ்நார்க்கெலிங்கில் இறந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. தண்ணீரை விழுங்கித் தத்தளித்து மூழ்குவதுதான் மரணத்துக்கு ஒரே வழி என்பதில்லை. குழாயின் தடையை எதிர்த்து மூச்சை இழுக்கும் சிரமத்தாலும், ஏற்கெனவே இருக்கும் இதயக் கோளாறாலும், உடல் உழைப்பாலும் நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்து ஆக்சிஜன் குறைந்து போகலாம் என்று அது சொல்கிறது. அப்படிப்பட்டவர் கத்துவதில்லை, கையை ஆட்டுவதில்லை. முகம் கவிழ்ந்து மிதந்தபடியே இருப்பார், பவளத்தைப் பார்க்கிறார் என்றுதான் கரையில் இருப்பவர் நினைப்பார். அதனால்தான் படகிலோ கரையிலோ வேறு எந்த வேலையும் பார்க்காமல், தண்ணீரில் இருப்பவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும் என்கிறேன். உங்கள் தீவுகளில் அந்த ஆளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2010-ல் ஹேவ்லாக் தீவில் ஸ்நார்க்கெலிங் செய்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை உப்புநீர் முதலை கொன்றது உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1998 ஜனவரியில் ஓர் அமெரிக்கத் தம்பதியைப் பவளத்திட்டில் விட்டுவிட்டு ஒரு டைவிங் படகு கரை திரும்பியது. அவர்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆளை எண்ணியதில் வந்த பிழை. அதன் பிறகு அங்கே விதிகள் இறுகின. புறப்படும்போதும் இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் ஆள் எண்ணிக்கை எழுத்தில் பதிவாக வேண்டும். வயதானவர்கள், நோயுள்ளவர்கள் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும், மிதவையோடு இறங்க வேண்டும், அவர்களைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, வேறு நிறத்தில் சில ஜாக்கெட்டுகள்.

எண்ணுவது உங்கள் நிர்வாகத்துக்குப் புதிதும் அல்ல. வண்டூரில் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஜாலி பாய் தீவுக்குப் படகேறுமுன் பைகளைச் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்ட வேண்டும், திரும்பிவந்து பாட்டிலைக் காட்டினால்தான் பணம் கிடைக்கும். ஜாலி பாயும் ரெட் ஸ்கின்னும் மாறி மாறித் திறக்கப்படுகின்றன, ஒன்று திறந்திருக்கும்போது மற்றதற்கு ஓய்வு. என் மனதுக்கு மிகவும் நிறைவு தந்த ஏற்பாடு இது. எங்கள் குழுவினர் யாரும் முணுமுணுத்ததில்லை, பெருமையாகத்தான் காட்டினார்கள். ஒரு பாட்டில் தீவில் விடுபடாமல் திரும்பி வருகிறதா என்று பார்க்கத் தெரிந்த நிர்வாகம், எல்லாக் கடற்கரைகளிலும் ஓர் ஆள் விடுபடாமல் திரும்பி வருகிறாரா என்று அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். பயணிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று ஜெட்டியிலேயே இருக்கட்டும். படகின் பக்கவாட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் பெரிய எழுத்தில் தெரியட்டும், ஏறுகிற பயணியே எண்ணிப் பார்க்க முடிகிற அளவுக்குப் பெரிதாக.

எங்கள் மும்பையின் கதையையும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் போன ‘நீல்கமல்’ படகில் கடற்படையின் வேகப்படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் படகுகளில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டே தீர வேண்டும் என்று கண்டிப்பு வந்தது. அதுவரை அந்த ஜாக்கெட்டுகள் கேட்டால் கிடைக்கும் பொருளாக இருந்தன. நானே பல தடவை விருந்தினர்களை எலிஃபெண்டாவுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். குழந்தைகள் கம்பியில் சாய்ந்து நின்று கடற்புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருவர் உடம்பிலும் ஜாக்கெட் இருக்காது. மரணம் நடந்தபின் வரும் விதியை நாங்கள் பார்த்துவிட்டோம். முன்னதாகவே வரும் விதியைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

பவளத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் பயணியைக் காப்பதும் பவளத்தைக் காப்பதும் எனக்கு ஒரே விஷயம். அந்தமான் பவளம் 2010-ல் கடல் சூடேறி வெளுத்துப்போனது. அதற்கு முன் 2004-ல் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கம் சில திட்டுகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டிருந்தது. மிச்சமிருப்பது மெல்ல உயிர்பிடித்து வளர்வது. கிளைப் பவளத்தில் ஒருவர் காலூன்றி நின்றால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் முறியும். ஆனால் அவர் ஏன் நிற்கிறார்? பவளத்தை உடைக்க வேண்டும் என்று யாரும் செம்பூரிலிருந்து வருவதில்லை. மூச்சு திணறுகிறது, பயம் வருகிறது, கால் எதையாவது தேடுகிறது, கீழே இருப்பது பவளம். இடுப்பளவு மணலில் பத்து நிமிடம் நின்று மூச்சு விடக் கற்றுக்கொண்டவர் அப்படிக் கால் ஊன்ற மாட்டார். அவர் அமைதியாக மிதப்பார். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் ஓசைகூட அவருக்குக் கேட்கும். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கும் காப்பு அதற்கும் உண்டு. அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த மிக எளிய வழி, பயணியின் பயத்தைக் கரையிலேயே போக்குவதுதான்.

ஆகவே இரண்டாவது வேண்டுகோள் இது: முதல் பத்து நிமிடம் இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி, அது முடியாமல் ஆழத்துக்கு யாரையும் இழுக்கக் கூடாது என்று விதி வேண்டும். அந்த நேரத்துக்கும் கைடுக்குக் கூலி உண்டு என்று கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். இலவசம் என்று பேக்கேஜில் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நூறு இருநூறு கூடுதலாகக் கொடுக்க எங்கள் மக்கள் தயங்க மாட்டார்கள். எதற்கு என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள்.

இப்போது தமிழில் எழுதியதன் காரணம். உங்கள் தீவுகளில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பியவர்களைக் குடியமர்த்தினார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தீவுகளில் வாழ்கிறார்கள். தலைநகரின் கடைத்தெருவில் தமிழ் கேட்காமல் நடக்க முடியாது. காஞ்சிபுரத்திலிருந்தும் கோவையிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருகிறவர்கள் உயிரைக் காக்கும் அந்த இரண்டு வாக்கியத்தையும் புரியாத மொழியில் கேட்டுத் தலையாட்ட வேண்டிய அவசியம் என்ன? எங்கள் இளைஞர்களுக்கு இந்தி தெரியும். அவர்களுடைய அத்தைகளுக்கும் மாமனார்களுக்கும் தெரியாது. வங்காளத்திலிருந்து வருகிற ஒரு பாட்டிக்கும் ஆந்திரத்திலிருந்து வருகிற ஒரு தாத்தாவுக்கும் இதே நிலைதான். ஒவ்வொரு ஜெட்டியிலும் இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளத்தில் படத்தோடு ஒரு பலகையும், பேசிக்கேட்கும்படி ஒரு சிறிய ஒலிப்பதிவும் வையுங்கள். தமிழ் தெரிந்த பெண்களைக் கைடுகளாகப் பயிற்றுவித்தால் எங்கள் பெண்கள் பலர் தயங்காமல் தண்ணீரில் இறங்குவார்கள். அறிமுகமில்லாத ஆடவர் கையைப் பிடித்துக் கடலில் மிதக்க வேண்டும் என்பதாலேயே கரையில் உட்கார்ந்துவிட்ட மாமிகளை எனக்குத் தெரியும்.

எங்கள் பங்கையும் நாங்கள் செய்யப் பார்க்கிறோம். செம்பூரில் ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல்குளம் இருக்கிறது. அடுத்த குழுவில் வருகிறவர்கள் புறப்படும் முன்பே அங்கே முகமூடி, குழாயோடு பழகிக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன். அறுபது தாண்டியவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் பெயர் கொடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறேன். ஒருவர் கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. ஆனால் படகில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், தண்ணீரில் இருப்பவரை யார் பார்க்கிறார்கள், திரும்பும்போது யார் எண்ணுகிறார்கள் என்பதெல்லாம் என் கையில் இல்லை, உங்கள் ஓர் உத்தரவில் இருக்கிறது.

மழைக்காலம் முடிந்து அடுத்த சுற்றுலாப் பருவம் தொடங்கும் முன் அந்த உத்தரவு வருமா என்று தெரிவித்தால் நன்றியுடன் இருப்பேன். எங்கள் காலனியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க, பதிலின் தமிழ்ப் பிரதி ஒன்றும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
செம்பூரிலிருந்து உங்கள் தீவுகளுக்குக் குழுக்களை அழைத்துவரும் ஒரு தமிழ்ப் பெண்