இனவெறி வேண்டாம், ஆனா பிரபுக்கள் மட்டும் வேணுமாம்



நெட்ஃப்ளிக்ஸின் ‘பிரிட்ஜர்ட்டன்’ இரண்டாவது சீசனை நான் மூன்று தரம் பார்த்திருக்கிறேன். அதனால இதை வயிற்றெரிச்சலில் எழுதுறன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 மார்ச் 25இல் வெளிவந்த அந்த எட்டு எபிசோடுகளை எங்கட ஆக்கள் இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். தோழர்கள் சிலரோ “பணக்காரக் குப்பை” என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் வேலையைப் பாதியில் விடுவதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜூலியா குவின் எழுதிய மூல நாவலில் கதாநாயகி ஒரு வெள்ளைக்கார ஆங்கிலப் பெண், பெயர் கேட் ஷெஃபீல்ட். தொடரில் அவள் பம்பாயிலிருந்து லண்டனுக்கு வரும் கேட் ஷர்மா. கேட்டாக நடிக்கும் சிமோன் ஆஷ்லியும் தங்கை எட்வினாவாக நடிக்கும் சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள். “வெயிலுக்குள்ள நிக்காதை, கறுத்துப்போவாய்” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழ் சினிமாவோ வெள்ளைத் தோலைத் தேடி வடக்கே போகிறது. இங்கே ஒரு கறுத்த பெண்ணைக் கமெரா ஆசையோடு பார்க்கிறது. அதற்கு அவளிடம் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது நல்லது, அக்கா என்ற பாத்திரம். தகப்பன் இறந்தபிறகு குடும்பத்தைத் தோளில் சுமப்பவள் கேட். தங்கைக்கு ஒரு நல்ல கலியாணம் முடித்துவைத்துவிட்டு, தான் இந்தியா திரும்பி ஆசிரியையாக வாழ்வதாகத் திட்டம். தங்கையின் தலைக்கு எண்ணெய் வைக்கிறாள், அவளுக்கு வரும் மாப்பிள்ளைகளை விசாரிக்கிறாள், தனக்கென்று எதையும் கேட்கத் தெரியாமல் நிற்கிறாள். பத்து வயதில் அம்மாவுக்காக ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்து, வீட்டுக்கு வந்த எல்லாப் படிவங்களையும் நிரப்பிய எங்கட மூத்த பெண்பிள்ளைகளுக்கு இவளை உடனே அடையாளம் தெரியும். அந்தோனி பிரபு கிடைப்பாரா மாட்டாரா என்பது கதையின் மேல்பூச்சுத்தான். தனக்காக ஒன்றை விரும்ப அவளுக்கு உரிமை இருக்கிறதா என்பதே உள்ளே ஓடும் கேள்வி. அதை இந்தத் தொடர் நேர்மையாகவே கேட்கிறது.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

இந்தச் சகோதரிகள் தகப்பனை “அப்பா” என்கிறார்கள். அக்காவை “தீதீ” என்கிறார்கள், தங்கையை வங்காளிகள் மாதிரி “போன்” என்கிறார்கள். எட்வினாவுக்கு மராத்தியும் இந்துஸ்தானியும் தெரியுமாம். ஒரு உபகண்டம் முழுவதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்குள் ஒன்று மட்டும் வலு தெளிவாக இருக்கிறது: குடும்பப் பெயர் ஷர்மா. அது ஒரு பிராமணப் பெயர். இனத்தைப் பற்றி யோசித்து யோசித்து ஆட்களைத் தெரிந்தெடுத்தவர்கள் சாதியைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசித்தார்களா? “இந்தியர்” என்றதும் கைக்கு முதலில் வருவது உயர்சாதிப் பெயர்தான் என்றால், அதுவும் ஒரு அரசியல்தான்.

அடுத்தது பேரரசு. கதை நடப்பது 1814இல். அப்போது இந்தியாவின் பெரிய பகுதிகளை ஆண்டுகொண்டிருந்தது கிழக்கிந்தியக் கம்பனி. அடிமை வணிகம் 1807இல் தடைசெய்யப்பட்டாலும், அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் வர 1833 ஆனது. நடன விருந்துகளில் குவிந்துகிடக்கும் இனிப்புகளின் சீனி எங்கிருந்து வந்தது? கேட் ஏலக்காயும் கராம்பும் போட்டுக் குடிக்கும் தேத்தண்ணி? அந்தக் காலத்தில் லண்டனுக்குத் தேயிலை வந்தது சீனாவிலிருந்து. அதற்கான விலையில் பெரும்பங்கை வங்காளத்து அபின் கட்டியது. அடுத்த வருடமே, 1815இல், கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. அந்த மலைகளுக்கு முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் கொண்டுபோகப்பட்ட தொழிலாளரின் பிள்ளைகள்தான் இன்றைய மலையகத் தமிழர். தொடரில் அந்த வாசனைத் தேத்தண்ணி வெறும் பண்பாட்டுப் பெருமையாக மட்டும் நிற்கிறது.

“அது கற்பனைக் கதைதானே, விடுங்கோவன்” என்பார்கள். சரி, கற்பனை என்றே வைத்துக்கொள்வோம். கற்பனை எதை வைத்திருக்கிறது, எதைக் கைவிட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு ராஜா கறுப்புப் பெண்ணைக் காதலித்தார், அதோடு நிறப் பிரிவினை உடைந்தது என்பது முதல் சீசனிலேயே தரப்படும் விளக்கம். இனவெறியை ஒரு காதலால் துடைத்துவிட முடிந்தது. ஆனால் பிரபுக்கள், பண்ணைகள், சீதனம், வாயே திறக்காமல் தட்டு ஏந்தி நிற்கும் வேலைக்காரர் எல்லாம் அப்படியே இருக்கிறது. இனவெறி இல்லாத உலகத்தைக் கற்பனை செய்ய முடிந்தவர்களுக்கு எசமான் இல்லாத உலகத்தைக் கற்பனை செய்ய முடியவில்லை.

இதே சீசனுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அந்தோனியின் தங்கை எலோயிசுக்கும் அச்சகத் தொழிலாளி தியோவுக்கும் இடையில் ஒரு ஈர்ப்பு முளைக்கிறது. இருவரும் பெண்ணுரிமை, அரசியல் துண்டுப்பிரசுரம் என்று கதைக்கிறார்கள். முடிவில் அவள் “தீவிரவாத அரசியல்காரரோடு” பழகினாள் என்பது ஊர்வம்பாகிறது, உறவு முறிகிறது. பம்பாயிலிருந்து பிரபுவின் வீட்டுக்குப் பாதை போட்ட தொடருக்கு, பிரபுவின் வீட்டிலிருந்து அதே ஊர் அச்சகத்துக்குப் பாதை போட மனம் வரவில்லை.

இதைப் பிடித்துக்கொண்டு நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன்? ஏனென்றால் இந்தக் கதையை நாங்கள் திரைக்கு வெளியிலும் நம்பத் தொடங்கிவிட்டோம். எங்கட முகம் உள்ளே போனால் போதும், நீதி தானாக வந்துவிடும் என்ற கதை.

1814இல் வேறொன்றும் நடந்தது. பாரிஸ் ஒப்பந்தத்தில் மொரீஷியஸையும் அதோடு சேர்ந்த சாகோஸ் தீவுகளையும் பிரான்ஸ் பிரித்தானியாவிடம் ஒப்படைத்தது. அந்தத் தீவுகளில் ஒன்று டியாகோ கார்சியா. கனடா நோக்கிப் போய்க் கடலில் தத்தளித்த ஒரு படகு 2021 அக்டோபரில் அங்கே கொண்டுவரப்பட்டது. அதில் சிறுவர்களோடு இலங்கைத் தமிழர்கள் இருந்தார்கள். நாங்கள் கேட் ஷர்மாவுக்குக் கைதட்டிய 2022 மார்ச்சில் அவர்கள் அங்கே கூடாரங்களில் அடைபட்டிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து, அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தைப் பிரித்தானியா அறிவித்தது. அறிவித்த உள்துறை அமைச்சர் ப்ரீத்தி படேல். அவருக்குப் பின் அதே திட்டத்தைத் தூக்கிப் பிடித்தவர் சுயெல்லா பிரேவர்மன். அவருடைய தாயார் மொரீஷியஸ் தமிழ் வம்சாவளி. முகங்கள் எல்லாம் உள்ளேதான் இருந்தன. தீவில் அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்ல 2024 டிசம்பர் ஆனது.

இதற்கெல்லாம் ஒரு காதல் தொடர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாளிகைக்குள் போவதையே விடுதலையாகக் காட்டும் கதைக்குப் பழகிய கண், மாளிகைக்கு வெளியே நிற்பவர்களை மறந்துபோகும். ஆபத்து அங்கேதான்.

ஆகவே தொடரைப் பாருங்கோ. கேட்டை ஆசையாகவே பாருங்கோ, அவளுக்கு அந்தக் காதல் தகும். ஆனால் கூடிப் பார்க்கிற நாளில் ஒரு எபிசோடு முடிந்ததும் டிவியை நிறுத்திவிட்டு மூன்று கேள்வி கேளுங்கோ: இந்த வீட்டுக்குக் காசு எங்கிருந்து வருகுது? தட்டை ஏந்தி நிற்கிறவரின் பெயர் என்ன? அவருக்கு ஏன் ஒரு காதல் கதை இல்லை?

எங்களுக்கு இனித் தேவை இன்னொரு பழுப்பு நிறச் சீமாட்டி இல்லை. சமையலறையில், தேயிலை மலையில், தடுப்பு முகாமில் இருப்பவர்களுக்கும் ஆசையும் கோபமும் உண்டு என்று சொல்லும் கதைகள் வேணும். அதை நெட்ஃப்ளிக்ஸ் எழுதித் தரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எழுதக்கூடியவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.